திரைக்குப் பின்னால் இரண்டு கித்தார்

ஒரு பொருளை யார் பயன்படுத்தப் போகிறாரோ, அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது என் வேலைக்கு ஏற்றது" என்று எழுதிக் கையெழுத்துப் போடாதவரை அந்தப் பொருளை வாங்கக் கூடாது. கொள்முதல் விதிகளில் இது முதல் சில பக்கங்களுக்குள்ளேயே வந்துவிடும். நாற்காலிக்கும் பொருந்தும், நீர் இறைக்கும் பம்புக்கும் பொருந்தும். வேலையில் இருந்த காலமெல்லாம் இந்த விதியைப் பிறருக்கு நினைவுபடுத்தியே நான் சம்பளம் வாங்கினேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற உங்களில் சிலருக்கும் நினைவுபடுத்தியிருக்கிறேன். அதற்காகச் சிற்றுண்டிச்சாலையில் எனக்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். பரவாயில்லை. இப்போது எல்லோருக்கும் முட்டி வலி. பழைய பகை வைத்துக்கொள்ளத் தெம்பு இல்லை.

அந்த விதி ஒரே ஒரு தடவை, என் பன்னிரண்டாம் வயதில், கிள்ளானில் ஒரு கடைக்குள் கடைப்பிடிக்கப்பட்டிருந்தால் போதும். பிறகு நான் கடைப்பிடிக்க வைத்ததெல்லாம் உபரிதான்.

எழுபத்தைந்தாம் ஆண்டின் கடைசி மாதங்கள். ஆறாம் ஆண்டுச் சோதனை முடிந்து பள்ளி விடுமுறை. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். உங்களில் அங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார்டில் வேகன்களைக் கோக்கும்போது முதல் வேகனில் விழும் இடி, வரிசையாக ஒவ்வொன்றாக ஓடி, கடைசி வேகனில் போய் முடியும். அந்த ஓட்டம் முடிவதற்குள் எங்கள் சமையலறை அலமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் ஒருமுறை நடுங்கி ஓயும். காயப்போட்ட துணியில் டீசல் வாசம். மழை வந்தால் தண்டவாளக் கட்டைகளிலிருந்து தார் வாசம். இந்த இரண்டும் கலந்த மணத்தை இப்போது எங்கே போய்த் தேடுவது? அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது.

அப்பா ஸ்டோர் அலுவலகத்தில் தலைமைக் கிராணி, அதாவது எழுத்தர். குவார்ட்டர்ஸ் இந்தியர் மன்றத்துக்குச் செயலாளரும் அவரே. அவர் தும்மினால்கூட மூன்று பிரதி எடுப்பார் என்று அம்மா சொல்லுவாள். எங்களோடு இருந்தது மாமா, அம்மாவின் ஒரே தம்பி. யார்டில் வேகன் கோக்கிற வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய இடது கை மோதிர விரலின் நுனி கொக்கிக்குள் மாட்டி நசுங்கியது. நகம் திரும்ப வரவில்லை. அந்த நுனியில் இறகால் தடவினால் அவருக்குத் தெரியாது. கொஞ்சம் அழுத்தினால் உயிர் போகும். அப்படி ஒரு விரல்.

அந்தக் கையால்தான் அவர் மன்றத்தின் இசைக்குழுவில் கித்தார் வாசித்தார். எலெக்ட்ரிக் கித்தார். இரவல் வாங்கியது. சொந்தக்காரர் சிரம்பானுக்கு மாற்றலாகிப் போனபோது கித்தாரும் போய்விட்டது.

வேலை முடிந்து வரும் மாமா வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றும்போது அம்மா கேட்பாள்.

"இன்னிக்கு ஒண்ணும் ஆகலயே?"

"இன்னும் ஒம்போது வெரலு பாக்கி இருக்குக்கா. அவசரம் இல்ல லா."

"வாயக் கழுவு மொதல்ல."

மாமா சிரிப்பார். ஆனால் பயந்திருந்தார். கொக்கிக்கு நடுவே போய் நிற்கும்போது மிச்ச விரல்களை எண்ணிப் பார்த்துக்கொள்வதாக ஒருநாள் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அந்த வேலையைவிட்டுப் போக அவருக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. கிள்ளானில் பெரிய இசைக்குழு ஒன்று இருந்தது. வாரத்துக்கு இரண்டு கல்யாணம், திருவிழாக் காலத்தில் மூச்சுவிட நேரமில்லாத அளவுக்குக் கச்சேரி. அந்தக் குழுவின் நடத்துநருக்கு ஒரு கித்தார்காரர் தேவைப்பட்டார். எங்கள் மன்றத்துப் பொங்கல் நிகழ்ச்சிக்கு வந்து மாமாவைக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். பிடித்தால் மாசச் சம்பளத்துக்கே எடுத்துக்கொள்வார். ஆகவே பொங்கலுக்குள் ஒரு கித்தார் வேண்டும். மன்றங்களுக்கு உதவிய நலநிதி வாரியம் ஒன்று இருந்தது (பெயர் வேண்டாம், நம் எல்லோருக்குமே அங்கே உறவினர் உண்டு). அது ஒரே ஒரு கித்தார் வாங்க அனுமதி கொடுத்துவிட்டது.

வாங்க வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் மன்றம் உள்ளே நுழைந்தது.

மன்றத் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். கணக்குப் பிரிவில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வெளேரென்ற கால்சட்டை, மடிப்புக் கலையாமல். நேர்மையானவர், இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதற்கு முந்தின வருடம் மன்றத்துக்கு டிரம் வாங்கியபோது, டிரம் வாசிப்பவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவர் தன் மைத்துனரின் பழைய டிரம்மைப் புதுத்தோல் போட்டுக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அன்றிலிருந்து மன்றத்தின் குறிப்பேட்டில் ஒரு தீர்மானம் இருந்தது: வாத்தியத்தை வாசிப்பவர் அதைத் தெரிவு செய்வதில் பங்கெடுக்கக் கூடாது. ஒரு திருடனுக்காகப் போட்ட பூட்டு. பிறகு வந்தவர்களெல்லாம் வெளியே நிற்க வேண்டியதுதான்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர்: தலைவர், இசைக்குழுவில் பாடுகிற தமிழ்ப்பள்ளி வாத்தியார், அப்பா. மாமா மைத்துனர் என்பதால் அப்பா தனக்கு ஓட்டு வேண்டாமென்று எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டார். குறிப்பெடுக்க மட்டும் வருவதாகச் சொன்னார்.

"அப்ப என் தம்பி பக்கம் யாரு இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"இதுல பக்கம்னு எதுவும் இல்ல," என்றார் அப்பா. அதை அவர் உண்மையாகவே நம்பினார். அதுதான் வருத்தம்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். நான் எதற்குப் போனேன்? சனிக்கிழமைதோறும் கோயிலில் எனக்கு வயலின் வகுப்பு. அன்று ஆசிரியைக்குக் காய்ச்சல். வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று மாமாதான் கூட்டிக்கொண்டு போனார். வயலின் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் பெட்டியோடு ரயிலில் போவது ஒரு கௌரவம்.

கடை, கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரம். கடைக்காரர் ஒரு சீன முதலாளி; தவுக்கே என்போம். பனியனும் அரைக்கால்சட்டையும் போட்டுக்கொண்டு, காதில் பென்சில் செருகியிருந்தார். எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் அவரிடம் இரண்டு கித்தார் இருந்தன. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒன்று சிவப்பு. மெலிந்த உடம்பு, மெலிந்த கழுத்து. கம்பிகள் கட்டைக்கு மிக அருகில் கிடந்தன. தவுக்கே ஒலிப்பெட்டியில் சொருகி ஒரு தட்டு தட்டிக் காட்டினார்: மெல்லிய, கூரான ஒலி. புதுக் கத்தி மாதிரி. மற்றது பழுப்பு. ஓரத்தில் கறுத்து, நடுவில் தேன் நிறமாக வெளுத்து வரும் பூச்சு. கனம். கழுத்து மண்வெட்டிப் பிடி மாதிரி உருண்டு தடித்திருந்தது. அதன் ஒலி அடித்தொண்டையிலிருந்து வந்தது.

மாமா சிவப்பை எடுத்து மடியில் வைத்தார். இடது கை கழுத்தைச் சுற்றிப் போய் உட்கார்ந்ததும் அவர் முகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை நான் பார்த்தேன். நாள் முழுக்க நின்றவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வருமே, அந்த முகம். மோதிர விரல் கம்பியைச் சும்மா தொட்டாலே போதுமாக இருந்தது. பழுப்பை எடுத்தபோது அவருடைய மணிக்கட்டு வெளியே வளைந்தது; தோள் ஏறியது.

"போதும், வையுங்கோ," என்றார் தலைவர். "பாத்துத் தெரிவு செய்யிறது சரிவராது. நிறம் மனச மயக்கும். திரைக்குப் பின்னால வச்சு வாசிக்கட்டும். நாங்கள் காதால மட்டும் கேப்பம். எண் ஒண்டு, எண் ரெண்டு. எது எதெண்டு சொல்லப்படாது."

வாத்தியார், "யாரு வாசிக்கிறது?" என்று கேட்டார்.

"இவர்தான். வேற ஆருக்குத் தெரியும்?"

தவுக்கேக்கு எங்கள் நடவடிக்கை ஒன்றும் விளங்கவில்லை. யார் வாசிக்கப் போவது என்று மலாயில் கேட்டார். மாமாவைக் காட்டினார்கள். "அப்படின்னா இவனையே கேளுங்களேன்?" என்றார். அன்று அந்தக் கடையில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது. தலைவர், "இத்து பெராத்துரான்," என்றார், அதுதான் சட்டம் என்று. தவுக்கே தலையை ஆட்டிக்கொண்டு பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, திரும்பச் செருகினார்.

கிடங்குக்குப் போகிற வழியில் ஒரு பூப்போட்ட திரை தொங்கியது. மாமா இரண்டு கித்தாரையும் எடுத்துக்கொண்டு அதற்குப் பின்னால் போனார். ஒலிப்பெட்டியின் திருகுகளை யாரும் தொடக் கூடாதென்று தலைவர் அவற்றின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவைத்தார். ஒரே பாட்டைத்தான் இரண்டிலும் வாசிக்க வேண்டும். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆரம்ப நேரத்தை எழுதினார்.

முதல் கித்தாரில் பாட்டு துள்ளிக்கொண்டு வந்தது. இரண்டாவதில் நிதானமாக வந்தது.

வாத்தியார் ஒன்று என்றார். "சுறுசுறுப்பா இருக்கு. கல்யாண வீட்டுக்கு இதுதான்."

தலைவர் இரண்டு என்றார். "இதில ஒரு கனிவு இருக்கு. மற்றது தகரம்."

ஒன்றுக்கு ஒன்று. அப்பாவுக்கு ஓட்டில்லை. தலைவருக்கு இரண்டாவது ஓட்டுப் போடும் உரிமை உண்டு, ஆனால் தன் பக்கமே தான் சேர்ந்துகொள்வது முறையில்லை என்றார். சொன்னேனே, நேர்மையானவர். அப்போதுதான் அவர் கண் என் வயலின் பெட்டியின் மேல் விழுந்தது.

"பிள்ளை சங்கீதம் படிக்குதெல்லோ? பிள்ளை சொல்லட்டும். பிள்ளைக்கு இதில ஒரு லாபமும் இல்ல."

அப்பா எழுந்தார். "சார், அவ எனக்கு மக. அவருக்கு மருமக."

"ஓம், தெரியும். ஆனா பிள்ளைகள் பொய் சொல்லாயினம். எழுதுங்கோ, தலைவரின் முடிவு எண்டு."

மைனர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது. தீர்ப்புச் சொல்லலாம் போலிருக்கிறது. அப்பா எழுதினார்.

எனக்காக இரண்டையும் மறுபடி வாசிக்க வேண்டும். அதற்கு முன் தவுக்கே எல்லோருக்கும் ஆரஞ்சு சோடா உடைத்துக் கொடுத்தார். மாமா என்னைக் கடை வாசலின் ஐந்தடி நடைபாதைக்குக் கூட்டிப் போனார். பக்கத்துக் கடையில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து சொன்னார்.

"பாப்பா. செவப்பத்தான் மொதல்ல வாசிப்பேன். ஒண்ணுன்னு சொல்லிரு."

"ரெண்டாவது நல்லா இருந்தா?"

"இருக்கட்டும். நீ ஒண்ணுன்னு சொல்லு."

"அது பொய்தானே மாமா?"

அவர் இடது கையை விரித்து என் முன்னால் நீட்டினார். "இதுவும் பொய்யா?" என்றார். அதட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. சோடா போத்தலைச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று சொல்ல முடியாது. தெரியவே இல்லை என்றும் சொல்ல முடியாது. விரலைத் தெரியும், யார்டைத் தெரியும், பொங்கலுக்கு வரப்போகிறவரையும் தெரியும். ஆனால் என்னைச் சுற்றி மூன்று பெரியவர்கள், எனக்கென்று போட்ட ஒரு நாற்காலி, அப்பாவின் திறந்த பேனா. அப்படி ஒரு மரியாதை எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முதலாவது கூரானது, சரளமானது. இரண்டாவதில் ஒவ்வொரு சுரமும் வந்து, நின்று, தன்னை முழுதாகக் காட்டிவிட்டுத்தான் போனது. ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு சின்னத் தயக்கம். அந்தத் தயக்கம் எனக்கு அழகாக இருந்தது.

"ரெண்டாவது," என்றேன்.

திரைக்குப் பின்னால் கித்தாரைச் சுவரில் சாய்த்துவைக்கும் சத்தம் கேட்டது. மாமா வெளியே வந்தபோது எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "நல்ல காது சார் இவளுக்கு," என்றார் தலைவரிடம். ரயிலில் அந்தப் பழுப்புக் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தார். அப்பா என் தலையை ஒருமுறை தடவினார். அதற்காகத்தானே சொன்னேன்.

வீட்டில் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சோற்றைப் பரிமாறினாள். மாமாவின் தட்டுக்கு நீட்டிய கரண்டியோடு நின்றுகொண்டே சொன்னாள்: "நாலு பேரு காதுக்கும் மரியாத குடுத்தீங்க. அவன் வெரலுக்கு ஒரு ஓட்டு இல்லாமப் போச்சு." பிறகு மூன்று நாள் எனக்குத் தலை வாரிவிட்டாள், ஆனால் பேசவில்லை. சீப்பு மட்டும் கொஞ்சம் அழுத்தமாக இறங்கியது.

தவுக்கே ஒரு வாரத்துக்குள் வந்தால் மாற்றிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார், பொருள் புதிதுபோல இருந்தால். அதை மாமா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அப்பாவிடம் கேட்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அப்பா திங்கட்கிழமை காலையிலேயே கித்தாரை ஸ்டோருக்கு எடுத்துப்போய்விட்டார். மன்றத்துச் சொத்துக்கெல்லாம் எண் போட வேண்டும். மேசை, கேரம் பலகை, தண்ணீர்க் கூஜா, எல்லாவற்றிலும் இருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தபோது கித்தாரின் முகத்தில், தேன் நிறத்துக்கு நடுவில், வெள்ளை எனாமல் பெயிண்டில் மன்றத்தின் பெயர்ச் சுருக்கமும் எண்ணும் இருந்தன. எழுத்து அழகாக இருந்தது. ஸ்டோரில் நல்ல பெயிண்டர் இருந்தார்.

மாமா முயற்சி செய்யாமலில்லை. திருகாணியைத் தளர்த்திக் கம்பியைத் தாழ்த்திப் பார்த்தார். கம்பி கட்டையில் உரசிப் பூச்சி மாதிரி இரைந்தது. மெல்லிய கம்பி வாங்கிப் போட்டார்; கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் கழுத்தின் தடிமனை எந்தத் திருகாணி குறைக்கும்? பத்து நிமிடம் வாசித்தால் மோதிர விரல் நுனி ஊதாவாகிவிடும். உப்புத் தண்ணீரில் முக்கி வைத்துக்கொண்டு மற்ற கையால் சாப்பிடுவார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாம் நாள் தட்டச்சு இயந்திரத்தை மேசையில் எடுத்து வைத்தார்.

"தவுக்கேகிட்ட கேட்டுட்டேன். பெயிண்ட அவரே சுரண்டிக்கிறாராம். செவப்ப பொங்கல் வரைக்கும் விக்காம வச்சிருப்பாராம்," என்றார். "ஆனா எண் போட்ட சொத்து. வாரியத்தோட அனுமதி இல்லாம வெளிய போகக் கூடாது. எழுதிக் கேட்டுருவோம்."

"நேரா போயி மாத்திட்டு வந்து அப்புறம் எழுதுனா என்ன?" என்றாள் அம்மா.

"அது திருட்டு."

"சுத்தி எல்லாரும் நல்லவங்க," என்றாள் அம்மா. "ஒரு அயோக்கியன் இருந்திருந்தா என் தம்பி பொழச்சிருப்பான்."

கடிதத்தை நான்தான் தட்டினேன். அப்பா கையால் எழுதிக் கொடுத்த மலாயை, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி. பயன்படுத்துபவரின் இடது கைக் காயத்தைக் கருதி, அதே விலையுள்ள வேறொன்றுக்கு மாற்ற அனுமதி வேண்டும் என்று. மூன்று பிரதி. முழு மாலையும் ஆயிற்று. அப்பா தட்டியிருந்தால் பத்து நிமிடம். நானே தட்ட வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

பிறகு தபால்காரர். அவருடைய சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதும் நான் வாசலுக்குப் போய்விடுவேன். மின்சார பில், அம்மாவின் தங்கை எழுதும் நீலக் கடிதம், யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகை. வாரியத்தின் பழுப்பு உறை வரவில்லை. கிறிஸ்துமஸ் போனது. புது வருடம் பிறந்தது. நான் இடைநிலைப் பள்ளியில் முதலாம் பாரத்துக்குப் புதுச் சீருடை தைத்துக்கொண்டேன். அப்பா நினைவூட்டுக் கடிதம் அனுப்பினார். அதையும் நான்தான் தட்டினேன், இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக. தலைவர் நேரிலே போய்க் கேட்டார். கோப்பு மேசையில் இருப்பதாகச் சொன்னார்களாம். எந்த மேசை என்று அவர் கேட்டிருக்கலாம். நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியும், அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இங்கே ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். நான் இன்னும் வயலினை விடவில்லை. வாசிப்பு என்று சொல்ல முடியாது. சாயங்காலத்தில் ஒரு மணி நேரம். போன வருடம் விரல் கணுக்களில் வீக்கம் வந்தது. வாசிப்பது குறைந்தது. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்: "ஆன்டி, முன்னைக்கு இப்ப ரொம்ப இனிமையா வாசிக்கிறீங்க. ஒவ்வொரு நோட்டும் அப்படியே நிக்குது." நன்றி சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே கிள்ளான் கடையின் திரை நினைவுக்கு வந்தது. அடுத்த சுரத்துக்கு விரலைத் தூக்கினால் வலிக்கிறது. அதனால் இருக்கிற சுரத்திலேயே நிற்கிறேன். இனிமை அவ்வளவுதான்.

உள்ளே போய் அப்பா விட்டுப்போன பெட்டியைத் திறந்தேன். மன்றம் கலைந்தபோது குறிப்பேட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் அது எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. கிள்ளான் கடையில் அப்பா எழுதிய பக்கம் இருந்தது. எண் ஒன்று, ஆரம்பம், முடிவு: மூன்று நிமிடம். எண் இரண்டு, ஆரம்பம், முடிவு: ஐந்து நிமிடம். ஒரே பாட்டு. கடைசியாக எனக்காக வாசித்ததும் அப்படியே, மூன்று, ஐந்து. எழுதியவர் படிக்கவில்லை. தலைவர் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார், அவரும் படிக்கவில்லை. நான் கேட்டது கித்தாரின் ஒலி இல்லை. மாமாவின் விரல் வலித்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறதென்று மார்க் போட்டேன். திருகுகளுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட நாங்கள் யாரும் வேகத்துக்குக் கோடு போடவில்லை. பிற்காலத்தில் எத்தனை தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து, சோதனை முறையில் ஓட்டை இருக்கிறதென்று எத்தனை பேருடைய அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருப்பேன்!

சரி. பொங்கல்.

மன்ற மண்டபத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு நிகழ்ச்சி. வாசலில் கரும்பு கட்டியிருந்தார்கள். கிள்ளான் நடத்துநர் சஃபாரி சூட் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். காலை ஆட்டிக்கொண்டே கேட்கிறவர். அந்தக் கால் எப்போது நிற்கிறது என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா மோதிர விரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தார். கித்தாரின் முகத்தில் வெள்ளை எண் விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது, பின்வரிசையிலிருந்துகூடப் படிக்கலாம்.

முதல் இரண்டு பாட்டு மெதுவானவை. சமாளித்தார். மூன்றாவது, வாத்தியார் பாடிய கல்யாணப் பாட்டு. நடுவில் கித்தார் தனியாக ஓட வேண்டிய ஓர் இடம் வரும். வந்தது. மாமா ஓடினார். நாலு சுரம் வந்தது, ஐந்தாவது வரவில்லை. திரும்பப் பிடித்தார். மூன்று வந்தது. பிறகு ஓடுவதை விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு சுரத்தை நீட்டி நிறுத்தினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. டிரம்காரர் அவருக்காக வேகத்தைக் குறைக்கப் பார்த்தார்; பாட்டு, சறுக்குகிற செருப்பில் நடக்கிறவன் மாதிரி ஆயிற்று. சஃபாரி சூட்டின் கால் நின்றுவிட்டது.

முடிந்த பிறகு தேத்தண்ணியும் வடையும் கொடுத்தார்கள். நடத்துநர் தலைவரிடம் சொன்னது, தட்டு ஏந்திக்கொண்டு நின்ற எனக்குக் கேட்டது.

"நல்ல இனிமையா வாசிக்கிறாரு சார். அத இல்லன்னு சொல்லல. ஆனா நமக்கு வேகம் வேணும் லா. கல்யாண வீட்டுல யாரு ஒக்காந்து இனிமைய கேக்குறா?"

"அது கித்தாரின்ர பிழையாயும் இருக்கலாம்," என்றார் தலைவர், தயங்கி.

"கித்தார் ரொம்ப நல்ல கித்தார் சார். யாரு செலக்ட் பண்ணுனது?"

என்னைப் பார்க்காமலிருக்கத் தலைவர் வடையைப் பார்த்தார். அந்தக் கருணைக்காக அவரை நான் மன்னித்துவிட்டேன். என்னைத்தான் மன்னிக்க வாய்ப்பு வரவில்லை.

மறுநாள் காலை மாமா பூட்ஸ் போட்டுக்கொண்டு யார்டுக்குப் போனார். கித்தார் மன்றத்து அலமாரிக்குள் போனது. சாவி அப்பாவிடம். கேட்டால் கொடுத்திருப்பார். மாமா கேட்கவில்லை. சிவப்புக் கித்தாரைத் தவுக்கே சீனப் புத்தாண்டுக்கு முன்னால் விற்றுவிட்டாராம்.

மே மாதத்தில் மாமா வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பந்திங் பக்கம் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டும் வேலை. யார்டைவிட்டு ஒருவழியாக வெளியே வந்துவிட்டார், அம்மாவுக்கு அது நிம்மதி. பஸ்ஸுக்கு நான் வழியனுப்பப் போனேன். அவர் பெட்டியைத் தூக்கினார், நான் அவருடைய குடையைத் தூக்கிக்கொண்டேன். பஸ் நிற்கிற இடத்தில் நான் அழ ஆரம்பித்தேன்.

"எதுக்குமா?"

"நான் ஒண்ணுன்னு சொல்லியிருக்கணும்."

"சும்மா இரு. நீ கேட்டதச் சொன்ன. சரியாத்தான் சொன்ன. அது நல்ல சத்தந்தான் பாப்பா." என்னிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டார். "நான் அத வாசிச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

அவர் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அந்த ஒலி அவருக்குப் பிடித்திருந்தது. அது தெரிந்தபோது இன்னும் கஷ்டமாக இருந்தது. பந்திங்கில் அவர் கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகளைப் பெற்றார், நல்ல லோரிக்காரர் என்று பெயரெடுத்தார். ஒரு வாத்தியத்தையும் பிறகு தொடவில்லை. நாங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் சிரித்துக்கொண்டே என் காதைப் பாராட்டிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

அந்த ஆண்டு மழை அதிகம். ஒருநாள் பள்ளி விட்டு நனைந்துகொண்டு வந்தபோது அப்பா மேசையில் இருந்தார். முன்னால் பழுப்பு உறை பிரித்துக் கிடந்தது. நான் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அவர் தோளுக்கு மேலால் படித்தேன். மாற்றிக்கொள்ள அனுமதி வழங்கப்படுகிறது. பயன்படுத்துபவரின் உடல்நிலையை வாரியம் அனுதாபத்துடன் கவனத்தில் கொண்டது. பதினான்கு நாளுக்குள் மாற்றி, புதுப் பொருளுக்கு எண் எழுதி, வாரியத்துக்குத் தெரிவிக்கவும்.

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அவனுக்குச் சொல்லணுமா?" என்றாள்.

அப்பா கடிதத்தின் மடிப்பை நீவிவிட்டார். யார்டில் வேகன் கோத்தார்கள். கோப்பைகள் நடுங்கி ஓய்ந்தன. பிறகு கடிதத்தின் ஓரத்தில் 'கோப்புக்கு' என்று எழுதினார். எழுதிவிட்டு, தேதி முத்திரையை எடுத்து, சக்கரத்தை அன்றைய நாளுக்குத் திருப்பி, என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் வந்துசேர்ந்த கடிதம் எதுவாக இருந்தாலும் வந்த தேதியைப் போட்டுவிட வேண்டும். மையில் ஒற்றி, வலது மேல் மூலையில், கோணாமல் குத்தினேன்: 19 ஆகஸ்ட் 1976.